அப்பன் வேஷத்துக்கு ஒன்ஸ்மோர்

தம்பி,

கடிதத்தின் தலையில் சிலுவைக் குறி போட்டுவிட்டேன். அதற்குக் கீழே வழக்கமாக எழுதும் நல விசாரிப்பை இந்த முறை விட்டுவிடுகிறேன். எனக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை, அலுப்புத்தான். முந்தாநாளும் நேற்றும் எரியோட்டுக்கு பஸ் ஏறிப் போய்வந்தேன். இந்த வெயிலில், இந்த வயதில், அந்த ரோட்டில் அடுத்தடுத்த நாள் போய்வந்தால் இடுப்பு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தடவையும் சகாயத்தைப் பார்க்கத்தான் போனேன். முதல் தடவை உன் அம்மாவும் மாமாவும் அனுப்பிப் போனேன். இரண்டாம் தடவை என்னை யாரும் அனுப்பவில்லை. நடந்ததை வேறு யாராவது கை கால் வைத்து உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல முடியும். லாரன்ஸ் பிரதரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொன்னால் உனக்கு என் மேல் கோபம் மட்டும்தான் வரும், காரணம் விளங்காது.

கிறிஸ்மஸுக்கு வந்துவிட்டு மெட்ராஸுக்குத் திரும்பிப் போனதும் நீ ஒரு கடிதம் போட்டாய். எரியோட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் சகாயத்தைக் கட்டிக்கொள்ள விரும்புகிறேன், அவளும் சம்மதித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். நல்ல கையெழுத்து, நல்ல நடை. ஆனால் அந்த ஒரு கடிதத்தோடு உன் வீரம் முடிந்துவிட்டது. உன் மாமா பதிலுக்கு நாலு பக்கம் தீட்டி அனுப்பியதும் நீ வாயை மூடிக்கொண்டாய். கோயிலில் நாம் எந்தப் பக்கம் உட்காருகிறோம், சகாயத்தின் ஆட்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. நற்கருணை வாங்கும்போது எல்லாருக்கும் ஒரே அப்பம், எழுந்து திரும்பி நடக்கும்போது இரண்டு வரிசை. இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்றுதான் உபதேசியாராகிய நான் இத்தனை வருஷம் ஜெபம் சொல்லி, பாட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். உன் மாமாவுக்கோ அவர் மகளை உனக்குத்தான் என்று அவள் நடை பழகும்போதே முடிவு செய்தாகிவிட்டது. சொந்தத்துக்குள் கட்ட மேற்றிராணியாரிடம் விதிவிலக்கு வாங்குவதற்குக்கூட ஆள் பார்த்து வைத்திருந்தார். உன் அம்மா நவநாள் ஜெபம் ஆரம்பித்துவிட்டாள். யாருக்கு எதிராக என்று நான் கேட்கவில்லை.

இனி லாரன்ஸ் பிரதர். மிஷன் தோட்டத்தில் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தக்காளிப் பாத்தியில் நிற்பாரே, பெரிய வயிறும் சிவந்த கழுத்துமாக, அவர்தான். நீ சின்னப் பையனாக இருந்தபோது அவர் தும்மினால் என் வேட்டிக்குள் ஒளிந்துகொள்வாய். தோட்டத்து ஆட்களிடம்தான் அவர் தமிழ் கற்றார், அதனால் பெரிய சாமியாரைக்கூட ஒரு தடவை ‘ஏலே’ என்று கூப்பிட்டுவிட, ஊர் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. அவர் துறவறம் பூணுமுன் இத்தாலி தேசத்தில் நாடகப் பாடகராக இருந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் நம்பவில்லை. ஓப்பரா என்று சொல்வார். வசனமே கிடையாது. ‘உள்ளே வா’ என்பதையும் பாடத்தான் வேண்டும், ‘கதவைச் சாத்து’ என்பதையும் பாடத்தான் வேண்டும். லத்தீன் பூசைப் பாட்டுகளை அவரிடம் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சரிபார்த்தது கொஞ்சம், வம்பு பேசியது அதிகம். பத்துப் பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. கோபக்காரர், பெருந்தீனிக்காரர், கறி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பிரியாணிக் கடை இருக்கும் தெரு வழியாகப் போகமாட்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அவர் குரலுக்குப் பாரிடோன் என்று பெயர். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நடுவில் நிற்கிற கனத்த ஆண்குரல். என் குரலும் அதுதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். “மேக்குரல்காரன் காதல் பண்ணுவான், சாவான். எல்லாரும் அவனுக்காக அழுவான். கீக்குரல்காரன் ராஜா, இல்லாட்டி சாமியார், சும்மா உக்காந்தா போதும். நடுக்குரல்காரன் வேலைக்காரன். கதைய அவன்தான் இழுக்கணும், அவன்தான் கெடுக்கணும்” என்றார். இருபது வயதில் கோரஸில் சேர்ந்து, பிறகு எஜமானை ஏமாற்றும் வேலைக்காரன், கல்யாணத் தரகன் என்று சிரிப்பு வேஷங்கள் கட்டினாராம். முப்பது வயதுக்குமேல் பழிவாங்கும் அண்ணன், ஜெயில் அதிகாரி, நண்பனின் காதலியை மனசுக்குள் வைத்துப் புழுங்கும் படைத்தலைவன். வயிறு விழுந்ததும் அப்பன் வேஷம் வந்துவிட்டது என்று வயிற்றைத் தட்டிச் சிரிப்பார். ஒரு வாரத்தில் நான்கு ஊர், நான்கு வேஷம், துணிப்பெட்டியோடு மூன்றாம் வகுப்பு ரயிலில் பயணம், தொண்டைக்குப் பச்சை முட்டை. நம் ஜங்ஷனில் ஊர் ஊராகப் போகும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் பெட்டி படுக்கையோடு இறங்குவதைப் பார்த்தால் நின்று கும்பிடு போடுவார். பெரிய பட்டணத்துப் பெரிய அரங்கில் ஒரே ஒரு முறை, யாருக்கோ காய்ச்சல் வந்ததால், அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. மறுநாள் பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி வந்ததாம். குரல் பரவாயில்லை என்று.

ஆனால் சின்ன ஊர்களில் அவர்தான் ராஜா, அதுவும் அந்த அப்பன் வேஷத்துக்கு. கதை இதுதான். மலையடிவாரத்துப் பெரிய பண்ணைக்காரனின் மகன், மாவு மில் நடத்தும் ஒரு விதவையை விரும்புகிறான். மகன் வெளியூர் போன சமயம் பார்த்து அப்பன் அவள் வீட்டுக்குப் போகிறான். மிரட்டவில்லை, திட்டவில்லை. அவளை மகளே என்று கூப்பிட்டு, அவ்வளவு இனிமையாக ஒரு பாட்டுப் பாடி, ஒதுங்கிக்கொள்ளச் சொல்கிறான். அவளும் சரி என்கிறாள். கடைசியில் அப்பனுக்கு மனசு மாறி அவளைத் தேடி வரும்போது அவள் கப்பல் ஏறிவிட்டாள். நாடகத்திலேயே மிக நல்ல மெட்டு அந்த அப்பனுக்குத்தானாம். ஒரு நாள் மத்தியானம் மோட்டார் ரூமில் நின்று அதை எனக்குப் பாடிக் காட்டினார். ஒரு வார்த்தை புரியவில்லை. இந்த மனுஷன் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்த பொம்பிளைகள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அந்த மெட்டைச் சொல்லிக் கொடுங்கள், தவசுக் காலத்துக் கோயில் பாட்டாக வார்த்தை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். “ஒனக்கு வேணாம். நீ நல்லா பாடிருவ” என்று மறுத்துவிட்டார். எனக்குக் கோபம். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

பிறகு அவரே ஒரு பை முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்தார். உன் அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னார். அவர்கள் ஊரிலும் நம் நாடகம் போலத்தான், பாட்டுப் பிடித்துவிட்டால் ஜனம் ஒன்ஸ்மோர் கேட்கும். கதையை அப்படியே நிறுத்திவிட்டு மறுபடியும் பாட வேண்டும். அந்த அப்பன் பாட்டுக்கு எந்த ஊரிலும் ஒன்ஸ்மோர் கேட்காமல் இருந்ததில்லை. “யோசி. அவ முன்னாடியே சரின்னுட்டா. தலையாட்டிட்டா. ஜனம் கை தட்டுது. நான் திரும்ப மொதல்லருந்து அவள கெஞ்சுறேன். அவ திரும்ப அழணும், திரும்பத் தலையாட்டணும்” என்றார். ஒரு ஊரில் ஜனம் மூன்றாம் முறையும் கேட்டிருக்கிறது. அவர் குனிந்து வணங்கிவிட்டுத் தொண்டையைச் செருமியபோது, பக்கத்தில் நின்ற பாட்டுக்காரப் பெண் உதடு அசையாமல், இன்னும் எத்தனை தடவை நான் ஒதுங்கிப் போக வேண்டும் என்று கேட்டாளாம். பாடினீர்களா என்றேன். “பாடுனேன். அன்னிக்குத்தான் ரொம்ப நல்லா பாடுனேன்” என்றார். அதனால்தான் மேடையை விட்டாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இப்போது அவர் தேசத்தில் ஏதோ மடத்தில் படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்வி.

அப்போது எனக்கு அது ஒரு நாடகக்காரர் கதை, அவ்வளவுதான். என் வேலையும் அதுவேதான் என்று எனக்கு உறைக்கவில்லை. நம் பங்கில் கெட்ட செய்தி சொல்லிவிட வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள், உனக்கே தெரியும். நிச்சயம் பண்ணிய கல்யாணம் நின்றாலும், வெளியூரில் யாராவது செத்துப்போனாலும், “உபதேசியாரக் கூப்புடு, அவர் பக்குவமாச் சொல்லுவாரு” என்பார்கள். ரயில்வே கேட்டில் அடிபட்டுச் செத்தவனின் பெண்டாட்டி, நீங்கள் வந்து சொன்னதால்தான் ஐயா தாங்கிக்கொண்டேன் என்று பின்னொரு நாள் சொன்னாள். எனக்கு அதில் பெருமை இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்? கோயிலில் வாங்குகிற சம்பளத்துக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

போன வாரம் உன் மாமா பூட்டுக் கடையை அடைத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். “மச்சான், சத்தம் போட்டு அந்தப் புள்ளைய வெலக்க முடியாது. படிச்ச புள்ள. நீங்க செத்த நேரம் போயிப் பேசுங்க. ஒங்க வாயில வந்தா வெசமும் தேனா எறங்கும்” என்றார். உன் அம்மா என்னைப் பார்க்காமல் தட்டில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “நம்ம புள்ள நம்மகிட்ட இருக்கணும்னு நெனப்பிருந்தா போங்க” என்றாள். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை தம்பி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வீட்டில் இரண்டு மாதமாக வெஞ்சனத்தில் உப்பில்லை, பேச்சில் உப்பு அதிகம். வீடு அமைதியானால் போதும் என்றிருந்தது. போனேன்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. சோளக்காட்டு ஓரத்தில் ஓட்டு வீடு. விதவைத் தாய் வெளியே போயிருந்தாள், சகாயம் மட்டும் இருந்தாள். ஸ்டூலை எடுத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா. வெயில்ல வந்திருக்கீங்களே” என்று தண்ணீர் கொடுத்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. உட்காராமல், கேட்கத் தயாராக நின்றாள். நான் ஆரம்பித்தேன். அவளை மகளே என்றேன். உன் அம்மா முழங்காலில் நிற்பதைச் சொன்னேன், ஒரே பிள்ளை என்பதைச் சொன்னேன், உன்னோடு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் அவள்தான் கிடந்து நசுங்குவாள் என்று சொன்னேன். எந்த இடத்தில் தணிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, “சரிங்கய்யா. நான் விலகிக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் மாத்தல் கேட்டு, பள்ளிக்கூடம் தெறக்கும் முன்னாடி எழுதிக் குடுத்துர்றேன். அவருக்கு நானே கடிதம் போட்டுர்றேன்” என்றாள்.

அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். அந்த நேரம் அவள் தாய் தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். உபதேசியார் வந்திருக்கிறார் என்றதும் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். என்ன விஷயம் என்று தாய் கேட்டாள். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை இன்னும் நன்றாக வந்தது. முதலில் விட்டுப்போன வார்த்தையெல்லாம் தானாக வந்து விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அந்தத் தாய், “எம்புட்டு அழகாச் சொல்றாரு” என்று முணுமுணுத்தாள். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். சகாயம் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் கையைக் கும்பிடுவது போல் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஐயா, நான்தான் சரின்னுட்டேனே.”

பிரதரின் கதை என் நினைவுக்கு வந்ததா, வரவில்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. அப்போது அந்தப் பெண்ணின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். வாரேன் என்றுகூடச் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் உன் மாமா மல்லிகைப்பூவும் மிக்சரும் வாங்கிவைத்துக் காத்திருந்தார். முடிந்தது என்றேன். “என்ன சொன்னீங்க, எப்படிச் சொன்னீங்க, வரி விடாமச் சொல்லுங்க மச்சான்” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உன் அம்மாவும் அடுப்படியை விட்டு வந்து நின்றாள். அவர்களுக்கும் நான் அதைச் சொல்லிக்காட்ட வேண்டுமாம். தலைவலி என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

நேற்று காலை முதல் பஸ்ஸில் திரும்பப் போனேன். உன் அம்மாவிடம் எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். சகாயம் வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, இன்னும் என்ன பாக்கி என்பது போல் நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல நல்ல வாக்கியங்களை ஒவ்வொன்றாக விழுங்கினேன். “நேத்து நான் பேசுனது தப்பும்மா. நீ எங்கயும் போக வேணாம். ஒனக்கு அவன் வேணும்னா கட்டிக்க. கோயில்ல யார் என்ன சொன்னாலும் நான் நிப்பேன். வீட்டுல அவன் அம்மா சட்டுனு சரியாக மாட்டா, அதையும் சொல்லிர்றேன்” என்றேன். குரல் கரகரத்து, இருமல் வந்து, நடுவில் எச்சில் விழுங்கி, ஒரு கேவலமான பேச்சு. அவள் கையில் இருந்த சாம்பலைக் கழுவினாள்.

பிறகு கேட்டாள். “ஐயா, நேத்து நீங்க வந்தீங்க. இன்னிக்கும் நீங்கதான் வாரீங்க. அவரு எங்க?”

நான் என்ன பதில் சொல்ல? மெட்ராஸில் லீவு கிடைக்காது என்றா? மாமாவுக்குப் பயந்துகொண்டிருக்கிறான் என்றா? அவளே தொடர்ந்தாள். “ஒங்க மேல எனக்கு வருத்தமில்லைங்கய்யா. வேணாம்னு சொல்றதுக்கும் நீங்க, வேணும்னு சொல்றதுக்கும் நீங்கன்னா, நான் ஒங்களயா கட்டிக்கப் போறேன்? அவர வரச் சொல்லுங்க. எங்கம்மா முன்னாடி, இங்க இருக்குறவங்க முன்னாடி, அவரு வாயால கேக்கட்டும். பள்ளிக்கூடம் தெறக்குற வரைக்கும் பாப்பேன். வரலேன்னா நான் நேத்து சொன்னது சொன்னதுதான்.” சொல்லிவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. ஆனால் பஸ் வரும்வரை ரோட்டு ஓரத்தில் என்னோடு வந்து நின்றாள்.

இன்று மத்தியானம் இதை எழுதுகிறேன். உன் மாமா காலையில் வந்து, கேட்கக்கூடாததெல்லாம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உன் அம்மா சோறு போட்டாள், பேசவில்லை. என்றைக்குப் பேசுவாள் என்று தெரியாது. வயசாகிவிட்டது, இந்த மௌனத்தைத் தூக்கிச் சுமக்க முன்போல உடம்பு இடம் கொடுக்கவில்லை. இருந்தாலும் சுமந்துகொள்கிறேன், அது என் பங்கு. உன் பங்கை நான் சுமக்க முடியாது தம்பி. அவளிடம் உனக்காக இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ கேட்டுக்கொண்டாலும் பேச மாட்டேன். அவள் உனக்கு வேண்டாம் என்று நீ முடிவு செய்திருந்தால், அதையும் நீயே அந்த வாசலில் வந்து நின்று சொல்ல வேண்டும். அதற்கும் என்னை அனுப்பாதே.

அவள் வேண்டுமென்றால், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ரயில் ஏறு. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதே, வந்தால் உன் அம்மா அழுவாள், நீ இருந்துவிடுவாய். நேராக எரியோட்டுக்குப் போ. என்ன சொல்வது என்று ரயிலில் உட்கார்ந்து ஜோடித்துக்கொண்டு வராதே. உனக்கு என் குரல் வாய்க்கவில்லை, உன் அம்மாவின் சன்னக் குரல்தான், கொஞ்சம் பயந்தால் கீச்சென்று உடைந்துவிடும். உன்னைப் பாட்டுக் குழுவில் சேர்க்க முடியவில்லையே என்று எனக்கு நெடுநாள் குறை இருந்தது. இப்போது அந்தக் குறை இல்லை. உடைந்தால் உடையட்டும். போய் அந்தப் பெண்ணிடம் கேள். ஒரே ஒரு தடவை கேள்.

உன் அப்பா